போனில் நெட் வருகிறது, கம்ப்யூட்டரில் மட்டும் வரவில்லை. மோடத்தை மாற்றத்தான் வேண்டுமா?

காரைக்குடி வாத்தியார்:
வணக்கம். மூன்று நாளாக வீட்டு டெஸ்க்டாப்பில் நெட் வரவில்லை. 2012-ல் அசெம்பிள் செய்து வாங்கியது, விண்டோஸ் 10 இருக்கிறது. மோடத்திலிருந்து நேராக லேன் வயர். அதே மோடத்தின் வைஃபையில் என் போனிலும் மருமகள் போனிலும் எல்லாம் தடங்கலின்றி ஓடுகிறது.

வியாழக்கிழமை எங்கள் பகுதியில் பராமரிப்புக்காகக் காலை 9 முதல் மாலை 5 வரை கரண்ட் இல்லை. மறுநாளிலிருந்துதான் இப்படி. கரண்ட் வந்தபோது மோடம் அடிபட்டிருக்கும், புதிது போட 1,800 ரூபாய் ஆகும் என்கிறார் இணைப்பு கொடுத்தவர். மோடம் போயிருந்தால் போனில் எப்படி வரும் என்று கேட்டேன். "அது வேற சார், இது வேற சார்" என்றார். பணம் கூடப் பெரிதில்லை, மாற்றியும் வராவிட்டால்தான் வயிற்றெரிச்சல். இரண்டையும் நாலைந்து முறை ரீஸ்டார்ட் செய்தாகிவிட்டது. ஓய்வூதியச் சீட்டு எடுக்க வேண்டும், போனில் எழுத்து கண்ணுக்குத் தெரிவதில்லை. யாராவது வழி சொல்லுங்கள்.

ஏணி மாமா:
அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை சார். வைஃபை நன்றாக இருக்கும்போதே லேன் போர்ட் மட்டும் தனியாகப் போவது உண்டு. இடி மின்னல் காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் அதைக் கண்டுபிடிக்கப் பைசா செலவில்லை.

கம்ப்யூட்டரின் பின்னால் லேன் வயர் செருகும் இடத்தில் சின்ன விளக்கு எரிகிறதா பாருங்கள். மோடத்தில் வேறு போர்ட் காலியாக இருந்தால் மாற்றிச் செருகிப் பாருங்கள். அப்புறம் கட்டளை அடிக்கும் பெட்டியான கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் அடித்து, ஐபிவி4 முகவரி என்னவென்று இங்கே போடுங்கள். அது 169.254 என்று தொடங்கினால், மோடத்திடம் முகவரி கேட்டுக் கிடைக்காமல் கம்ப்யூட்டர் தானாகவே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். அப்படியென்றால் வயர், போர்ட், லேன் கார்டு என்று அந்தப் பக்கம் தேடலாம். 192.168 என்று தொடங்கினால் மோடம் முகவரி கொடுத்திருக்கிறது, அதனால் மோடத்தின் மேல் பழி போட அவசரப்பட வேண்டாம். கடைசியாக பிங் 8.8.8.8 அடித்து, பதில் வருகிறதா என்றும் சொல்லுங்கள். வெளியே இணையத்தில் உள்ள ஒரு சர்வரைக் கூப்பிட்டுப் பார்க்கும் கட்டளை அது.

கேமர் தம்பி:
எதுக்கு இவ்வளவு? விண்டோஸை ஃபார்மட் அடிங்க சார், எனக்கு அப்படித்தான் சரியானது.

ஏணி மாமா:
மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தச் சொல்கிறாயே தம்பி. அவருடைய கோப்புகள் என்ன ஆவது?

காரைக்குடி வாத்தியார்:
விளக்கு எரிகிறது, ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள் சிமிட்டிக்கொண்டு. போர்ட் மாற்றியும் அதே நிலைதான். முகவரி 192.168.1.7. பிங் அடித்ததில் நான்குக்கு நான்கு பதில் வந்தது, இழப்பு பூஜ்யம். கீழே வலது மூலையில் உள்ள குறியைத் தொட்டால் இணைய இணைப்பு இருப்பதாகவே காட்டுகிறது. ஆனால் குரோமில் ஒரு தளமும் திறக்கவில்லை!

ஏணி மாமா:
அப்படியானால் வயரும் மோடமும் நன்றாகவே இருக்கின்றன. 1,800 ரூபாயை எடுத்துப் பத்திரமாக வையுங்கள். பெயரைக் கேட்டு முகவரி சொல்கிற டிஎன்எஸ் கோளாறாக இருக்கலாம். பிங் அடிக்கும்போது எண்ணுக்குப் பதிலாக ஏதாவது ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்துப் பாருங்கள்.

காரைக்குடி வாத்தியார்:
கூகுள் பெயரைக் கொடுத்தேன். அதற்கும் நான்கு பதில் வந்தது.

ஏணி மாமா:
டிஎன்எஸ்ஸும் சரியாக இருக்கிறதே. இதற்கு மேல் என் சரக்கு தீர்ந்தது. சர்வர் ரூம் அக்கா எங்கிருந்தாலும் வரவும்.

சர்வர் ரூம் அக்கா:
வந்துவிட்டேன். ஐயா, "நெட் வரவில்லை" என்பது டாக்டரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்வது மாதிரி. குரோம் திரையில் என்ன எழுதியிருக்கிறதோ அதை ஒரு வரி விடாமல் சொல்ல முடியுமா?

காரைக்குடி வாத்தியார்:
கூகுளுடன் பிரைவேட் கனெக்‌ஷன் ஏற்படுத்த முடியவில்லை என்று ஆங்கிலத்தில் வருகிறது. கனெக்‌ஷன் இல்லை என்றுதானே அதற்கு அர்த்தம்?

சர்வர் ரூம் அக்கா:
அந்த "பிரைவேட்"டில்தான் விஷயமே இருக்கிறது. அதற்கு மேலே பெரிய எழுத்தில் ஒரு தலைப்பு இருக்குமே, அது என்ன?

காரைக்குடி வாத்தியார்:
உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது என்று போட்டிருக்கிறது. கடிகாரம் தப்பாக ஓடுவது எனக்குத் தெரியும் அம்மா. இப்போது 04-01-2012 என்று காட்டுகிறது. பழைய மெஷின், கரண்ட் போய் வந்ததில் குழம்பியிருக்கும், நெட் வந்ததும் தானே திருத்திக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன். அது வேறு, இது வேறு இல்லையா?

ஏணி மாமா:
"அது வேற சார், இது வேற சார்" 😄

சர்வர் ரூம் அக்கா:
இரண்டும் ஒன்றுதான் ஐயா. நெட் வந்தால் கடிகாரம் திருந்தும் என்று நீங்கள் காத்திருக்கிறீர்கள். கடிகாரம் திருந்தினால்தான் திறப்பேன் என்கிறது குரோம்.

இப்போது ஏறக்குறைய எல்லாத் தளமும் எச்டிடிபிஎஸ், அதாவது நடுவில் யாரும் படிக்க முடியாத பாதுகாப்பான இணைப்பு. திறக்கும்போது தளம் முதலில் தான் யார் என்று காட்ட ஒரு சான்றிதழை நீட்டும். இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும் என்று அதில் இருக்கும். பல தளங்களுக்கு 90 நாள்தான் ஆயுள், அதற்குள் புதுப்பித்துக்கொண்டே இருப்பார்கள். உங்கள் கம்ப்யூட்டரோ இன்று 2012 ஜனவரி என்று நம்பிக்கொண்டிருக்கிறது. அடுத்த மாதம் தொடங்கும் பஸ் பாஸை இன்றைக்கு நீட்டினால் கண்டக்டர் ஏற்றுவாரா? அவ்வளவுதான் நடக்கிறது. பிங்கில் சான்றிதழ் என்ற பேச்சே இல்லை, அதனால் அது ஓடியது. மூலையில் உள்ள குறிக்காக விண்டோஸ் எட்டிப் பார்க்கும் சோதனைப் பக்கமும் பழைய எச்டிடிபிதான், தேதியைப் பார்க்காது. அதனால்தான் இணைப்பு இருக்கிறது என்று அது உண்மையையே சொன்னது. போன் டவரிலிருந்தே நேரத்தை வாங்கிக்கொள்ளும்.

தானே திருத்திக்கொள்ளும் என்று நினைத்ததும் தப்பில்லை, விண்டோஸ் அவ்வப்போது நேர சர்வரிடம் கேட்டுத் திருத்திக்கொள்வது உண்மைதான். ஆனால் வீட்டுக் கம்ப்யூட்டர்களில் அதற்கு ஓர் எல்லை வைத்திருக்கிறார்கள். வித்தியாசம் 15 மணி நேரத்துக்கு மேல் போனால் சர்வர் சொல்வதை நம்பாது. உங்களுக்கு வருடக் கணக்கில் வித்தியாசம்.

இப்போதைக்கு மூலையில் உள்ள கடிகாரத்தில் வலது கிளிக் செய்து, தேதி, நேர அமைப்புக்குள் போய், தானாக நேரம் எடுப்பதை நிறுத்திவிட்டு, இன்றைய தேதியைக் கையால் போடுங்கள். நேர மண்டலம் +05:30 தானா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். முகப்பில் மணி சரியாகத் தெரிந்து, மண்டலம் வேறு ஊருக்கு இருந்தாலும் உள்ளே கணக்கு தப்பிவிடும். அப்புறம் தானாக எடுப்பதைத் திரும்பப் போட்டுவிடுங்கள்.

கேமர் தம்பி:
அந்தப் பக்கத்திலேயே அட்வான்ஸ்டு அழுத்தி உள்ளே போய்விடலாமே?

சர்வர் ரூம் அக்கா:
எல்லாத் தளத்திலும் அந்த வழி விடமாட்டார்கள், விட்டாலும் போகக் கூடாது. ஓய்வூதியத் தளமும் பேங்க்கும் திறக்கிறவருக்கு இந்தப் பழக்கத்தைச் சொல்லித் தராதே தம்பி.

காரைக்குடி வாத்தியார்:
திறந்துவிட்டது! மூன்று நாள் முடங்கிக் கிடந்தது, மூன்று நிமிடம் கூட ஆகவில்லை. கோடி நன்றி அம்மா. மாமாவுக்கும்.

சர்வர் ரூம் அக்கா:
சந்தோஷம் ஐயா, ஆனால் வேலை முடியவில்லை. ஒன்று கேட்க வேண்டும். அன்றைக்குக் கரண்ட் வந்து முதல்முறை போட்டபோது, விண்டோஸ் வருவதற்கு முன்னால் கருப்புத் திரையில் ஏதாவது வந்ததா?

காரைக்குடி வாத்தியார்:
ஆமாம், எஃப்1 அழுத்தச் சொன்னது. அழுத்தினேன், போய்விட்டது.

ஏணி மாமா:
இதை முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் நான் உங்களை மேசைக்கு அடியில் குனிய வைத்திருக்க மாட்டேனே சார்!

சர்வர் ரூம் அக்கா:
கடிகாரமும் அமைப்புகளும் அழிந்துவிட்டன என்ற எச்சரிக்கைதான் அது. மதர்போர்டில் ஒரு ரூபாய்க் காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், சிஆர் 2032, 3 வோல்ட். கம்ப்யூட்டருக்குக் கரண்ட் வராத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவதும், விண்டோஸுக்கு முன்னால் ஓடி மெஷினைத் தயார்செய்யும் பயாஸின் அமைப்புகளை நினைவில் வைத்திருப்பதும் அதுதான். சுவரில் சுவிட்ச் போட்டே இருந்தால், கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்திருந்தாலும் மெலிதாகக் கரண்ட் வந்துகொண்டே இருக்கும், பேட்டரிக்கு வேலை இராது. அதனால் அது செத்துப்போனதே தெரியாது. உங்கள் வீட்டில் சுவிட்சை அணைக்கும் பழக்கம் இல்லை என்று நினைக்கிறேன்.

காரைக்குடி வாத்தியார்:
மகன் சொல்லி வைத்தது, "அப்பா, பிளக்கில் கை வைக்காதீங்க" என்று. யுபிஎஸ் எதுவும் கிடையாது.

சர்வர் ரூம் அக்கா:
அதேதான். எட்டு மணி நேரம் கரண்ட் இல்லாமல் போனதும் சாயம் வெளுத்துவிட்டது. பேட்டரியை மாற்றாவிட்டால் அடுத்து கரண்ட் நிறுத்தும் நாளில் மறுபடி 2012-க்குப் போய்விடுவீர்கள்.

வாட்ச் கடையிலேயே கிடைக்கும், ஐம்பது ரூபாய்க்குள் முடியும். பவர் வயரைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள், மிச்சக் கரண்ட் போய்விடும். பக்கத்துத் தகட்டைக் கழற்றியதும் வெறும் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு உள்ளே கை வையுங்கள். பேட்டரி ஓரத்தில் உள்ள சின்னக் கொக்கியைத் தள்ளினால் துள்ளி வெளியே வரும். புதியதைப் போடும்போது கூட்டல் குறி மேல்பக்கம் தெரிய வேண்டும். பயாஸ் அமைப்புகள் அழிந்துவிடுமே என்ற பயம் வேண்டாம், அவை ஏற்கெனவே ஒருமுறை அழிந்து, அப்படியும் விண்டோஸ் வந்திருக்கிறது. வீட்டில் பேரக் குழந்தை இருந்தால் பழைய பேட்டரியை மேசையில் விட்டுவிடாதீர்கள். விழுங்கினால் உணவுக்குழாயையே புண்ணாக்கிவிடும், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயம்.

காரைக்குடி வாத்தியார்:
பேட்டரி நாற்பது ரூபாய். கழற்றுவதற்குள் கை நடுங்கிவிட்டது, மருமகள்தான் டார்ச் அடித்தாள். உள்ளே இருந்த தூசியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நேற்று இரவு வேண்டுமென்றே சுவர் சுவிட்சை அணைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் போட்டால் எஃப்1 கேட்கவில்லை, தேதியும் மணியும் சுவர்க் கடிகாரத்தோடு ஒத்துப்போகின்றன.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. வெள்ளிக்கிழமை தட்டச்சு செய்த சங்கக் கடிதம் ஒன்றை ரொம்ப நேரம் தேடினேன். கடைசியில் பார்த்தால் கோப்புகளின் அடிமட்டத்தில், 01-01-2012 தேதியில் போய் உட்கார்ந்திருக்கிறது. அதை எப்படி மேலே கொண்டுவருவது?

ஏணி மாமா:
திறந்து ஒரு எழுத்தை அடித்து அழித்துவிட்டுச் சேமியுங்கள் சார், இன்றைய தேதிக்கு வந்துவிடும். மோடம்காரர் திரும்ப வந்தால் பழைய பேட்டரியைக் காட்டுங்கள்.