200 ஜிபி நகலெடுக்க அரை மணி நேரம்: 2.5ஜி நெட்வொர்க் கார்டு போதுமா, பழைய சர்வர் கார்டா?

பரணி_எடிட்:
எடிட்டிங் பிசி பி450 மதர்போர்டு, விண்டோஸ் 11. பக்கத்து அறையில் நாஸ் (நெட்வொர்க் வழியே ஃபைல் சேமிக்கும் கணினி): பழைய டெஸ்க்டாப்பில் டெபியன் லினக்ஸ், இரண்டு 4 டிபி ஹார்ட் டிஸ்க் மிரரில் (இரண்டிலும் ஒரே நகல்), தனியாக ஒரு 1 டிபி சாட்டா எஸ்எஸ்டி. நடுவில் சுவருக்குள் 18 மீட்டர் கேட்5இ நெட்வொர்க் வயர். ஒரு ப்ராஜெக்ட் 200 ஜிபி வரை வருகிறது. இப்போதுள்ள ஜிகாபிட்டில் செகண்டுக்கு 112 எம்பிதான், அரை மணி நேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. பிசியில் கிராபிக்ஸ் கார்டுக்குக் கீழே ஒரு எக்ஸ்1 ஸ்லாட்டும், எக்ஸ்16 நீளத்தில் இன்னொரு ஸ்லாட்டும் காலி. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 10,000 ரூபாய்க்குள் எந்த கார்டு வாங்கலாம்?

ரிச்சி_ரவி:
யோசிக்கவே வேண்டாம் தம்பி. டேட்டா சென்டரில் இருந்து கழித்துவிட்ட 10ஜி (செகண்டுக்கு 10 ஜிகாபிட்) கார்டு இரண்டு வாங்குங்க. மெல்லனாக்ஸ் கனெக்ட்எக்ஸ்-3, ஒற்றை போர்ட், எம்சிஎக்ஸ்311ஏ. பிசிஐஇ 3.0 எக்ஸ்4 கார்டு. டெபியனில் டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருக்கு, செருகினால் வேலை செய்யும். புது 10ஜி கார்டு ஒன்று வாங்குற காசில் பழசு இரண்டு வரும். 10ஜி கிடைச்சா செகண்டுக்கு 1.1 ஜிபி, உங்க 200 ஜிபி மூணு நிமிஷத்தில் முடிஞ்சது.

அமுதா_நெட்:
மூன்று நிமிடத்தில் முடியாது ரவி அண்ணே. அந்தப் பக்கம் இருப்பது ஹார்ட் டிஸ்க். 7200 சுற்று டிஸ்க் வெளி விளிம்பில் செகண்டுக்கு 200 முதல் 250 எம்பி எழுதும், உள்ளே போகப் போக அதில் பாதிக்கு இறங்கும். மிரரில் எழுதும் வேகம் என்பது ஒரு டிஸ்க்கின் வேகம்தான். 10ஜி போட்டால் முதல் சில விநாடிகள் நாஸின் ரேம் நிரம்பும்வரை கோடு மேலே பறக்கும், பிறகு டிஸ்க் வேகத்துக்கு வந்து உட்காரும்.

2.5ஜி கார்டு உண்மையான நகலில் செகண்டுக்கு சுமார் 280 எம்பி தரும். அதாவது அவருடைய டிஸ்க்கால் முடிவதைவிடக் கொஞ்சம் அதிகம். ரியல்டெக் ஆர்டிஎல்8125பி சிப் உள்ள எக்ஸ்1 கார்டு இரண்டு போதும். பட்ஜெட்டில் பாதிக்கு மேல் மிஞ்சும். 2.5ஜி வடிவமைக்கப்பட்டதே கேட்5இ வயரில் 100 மீட்டர் போவதற்கு. 18 மீட்டர் அதற்கு ஒன்றுமே இல்லை. சுவரைத் தொட வேண்டாம்.

ரிச்சி_ரவி:
எஸ்எஸ்டி இருக்குன்னு அவரே சொல்லியிருக்காரே. சாட்டா எஸ்எஸ்டி 500 எம்பிக்கு மேல போகும். 2.5ஜி அதைப் பாதியில் கட்டிப்போடும். நாளைக்கு இன்னும் வேகமான என்விஎம்இ எஸ்எஸ்டி போட்டார்னா மறுபடியும் கார்டு மாத்தணும்.

அமுதா_நெட்:
எந்த எஸ்எஸ்டி என்பதைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். விலை குறைந்த கியூஎல்சி வகையில், முன்னால் இருக்கும் வேகமான கேஷ் நிரம்பியதும் எழுதும் வேகம் 100 எம்பிக்கும் கீழே போவதுண்டு. 200 ஜிபி தொடர்ந்து எழுதினால் அந்த நிலை வந்தே தீரும். பரணி, கார்டு வாங்கும் முன் நாஸிலேயே 100 ஜிபி ஃபைல் ஒன்றை எஸ்எஸ்டிக்கு நகலெடுத்து, கடைசி நிமிடத்தில் என்ன வேகம் ஓடுகிறது என்று பாருங்கள். அந்த எண்தான் நீங்கள் வாங்க வேண்டிய கார்டைச் சொல்லும்.

கோவை_பென்ச்:
இருவருமே ஸ்லாட்டை விட்டுவிட்டீர்கள். பி450 சிப்செட் ஸ்லாட்டுகளுக்குத் தரும் லேன்கள் (டேட்டா போகும் பாதைகள்; எக்ஸ்1 என்றால் ஒன்று, எக்ஸ்4 என்றால் நான்கு) பிசிஐஇ 2.0 மட்டுமே. எக்ஸ்1 ஸ்லாட்டில் கிடைப்பது 4 ஜிகாபிட், நடைமுறையில் அதற்கும் குறைவு. 2.5ஜி கார்டுக்கு அது தாராளம். கீழே இருக்கும் நீள ஸ்லாட் பார்க்க எக்ஸ்16 என்றாலும் பெரும்பாலும் உள்ளே எக்ஸ்4தான், 2.0 எக்ஸ்4 என்றால் 16 ஜிகாபிட், ஒற்றை 10ஜி போர்ட்டுக்குப் போதும். ஆனால் சில போர்டுகளில் பக்கத்து எக்ஸ்1-இலோ இரண்டாவது எம்.2-இலோ ஏதாவது செருகினால் இந்த ஸ்லாட் எக்ஸ்2 ஆகிவிடும், அல்லது அணைந்தே போகும். மேனுவலில் அட்டவணைக்குக் கீழே சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள்.

'எக்ஸ்1-இல் 10ஜி' என்று இப்போது விளம்பரமாகும் புது கார்டுகள் பிசிஐஇ 4.0-ஐ நம்பிச் செய்தவை. இந்த போர்டின் எக்ஸ்1-இல் செருகினால் 10ஜி காசு கொடுத்து 3 ஜிகாபிட் சொச்சம்தான் வாங்குவீர்கள்.

என் யோசனை அக்வான்ஷியா ஏக்யூசி107 சிப் உள்ள கார்டு. பிசிஐஇ 3.0 எக்ஸ்4, சாதாரண ஆர்ஜே45 போர்ட், இருக்கும் வயரிலேயே ஓடும். 10ஜி பிடிக்காவிட்டால் 5ஜி, அதுவும் இல்லையென்றால் 2.5ஜி என்று தானாக இறங்கும். ஒரு கார்டு இப்போது, நாஸ் பக்கம் 2.5ஜி கார்டு. பின்னால் அந்தப் பக்கத்தை மட்டும் மாற்றினால் போதும்.

அமுதா_நெட்:
10ஜிபேஸ்-டி, அதாவது ஆர்ஜே45 செம்பு வயரில் ஓடும் 10ஜி, கேட்5இ-க்கு வரையறுக்கப்பட்டதே இல்லை. கேட்6-இல் 55 மீட்டர் வரை, கேட்6ஏ-இல் 100 மீட்டர்.

கோவை_பென்ச்:
வரையறையில் இல்லை, உண்மைதான். ஆனால் 18 மீட்டர் நல்ல செம்பு வயரில் பெரும்பாலும் லிங்க் வரும். வந்தபின் பிழை எண்ணிக்கையைப் பார்த்து முடிவு செய்யலாம்: டெபியனில் ஈத்டூல் கட்டளை தரும் புள்ளிவிவரத்தில் சிஆர்சி (பழுதான பாக்கெட்) வரி ஏறிக்கொண்டே போனால் 5ஜிக்குப் பூட்டி வையுங்கள். பவர் வயரோடு ஒரே பைப்பில் போகிறதென்றால் அந்த நம்பிக்கையை விட்டுவிடலாம்.

அதைவிட முக்கியம், வயர் முழுச் செம்பா என்பது. நம் கடைகளில் அலுமினியத்துக்கு மேல் செம்பு பூசிய வயர் 'கேட்6' என்று அச்சடித்தே விற்கிறது. ஜாக்கைக் கழற்றி, ஒரு கம்பியின் நுனியை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அலுமினியம். அதன் மின்தடை அதிகம், கிரிம்ப் செய்த இடத்தில் மடங்கி ஒடியும். ஒரு ஜோடி ஒடிந்தாலே லிங்க் 100 எம்பிட்டுக்கு விழும், ஏனென்றால் 100-க்கு இரண்டு ஜோடி போதும், ஜிகாபிட்டில் இருந்து மேலே நான்கும் வேண்டும்.

ரிச்சி_ரவி:
அதுக்குத்தான் செம்பையே விடச் சொல்றேன். நான் சொன்ன கார்டு எஸ்எஃப்பி+ போர்ட், அதில் தனி மாட்யூலைச் செருகணும். ஒரே மேஜைன்னா டிஏசி கேபிள் (இரு முனையிலும் மாட்யூலோடு வர்ற செம்பு கேபிள்) போதும், ஆனா அதில் சாதாரண பாசிவ் வகை 7 மீட்டர் வரைதான். 18 மீட்டருக்கு ஃபைபர். ஃபைபர் கண்ணாடி, கரண்ட் கடத்தாது, பவர் வயர் போற பைப்பிலேயே இழுக்கலாம். எல்ஆர் (நீண்ட தூர) ஆப்டிகல் மாட்யூல் இரண்டு, இரு முனையிலும் எல்சி கனெக்டர் உள்ள எல்சி-எல்சி சிங்கிள் மோட் டூப்ளெக்ஸ் ஃபைபர் கேபிள் 20 மீட்டர். எல்ஆர் 10 கிலோமீட்டருக்கானதா இருந்தாலும் 18 மீட்டரில் ஒளி அதிகமாகி ரிசீவர் கெடாது. 40, 80 கிலோமீட்டர் மாட்யூலை மட்டும் தொடாதீங்க, அது கிட்டத்தில் ரிசீவரையே எரிச்சிடும். இன்டர்நெட் இணைப்புக்கு வர்ற பச்சை மூக்கு எஸ்சி ஃபைபர் கேபிள் இதில் நுழையாது.

வாங்கும்போது ஒன்று கவனிங்க. பேரில் 'எஃப்எல்ஆர்'னு வர்ற ஹெச்பி கார்டு ரொம்ப மலிவா கிடைக்கும். அது சர்வருக்குள்ள போற தனி வடிவம், பிசிஐஇ ஸ்லாட்டில் நுழையவே நுழையாது.

அமுதா_நெட்:
அண்ணே, அவர் பிசியில் விண்டோஸ் 11. கனெக்ட்எக்ஸ்-3க்கான வின்ஓஎஃப் டிரைவர் நின்றுபோன வரிசை. புதிய வின்ஓஎஃப்-2 கனெக்ட்எக்ஸ்-4-இல் இருந்துதான் ஆரம்பம். இன்டெல் எக்ஸ்520 என்று யாராவது சொல்லும் முன் அதையும் எழுதிவிடுகிறேன்: விண்டோஸ் 11 ஆதரவுப் பட்டியலில் அது இல்லை, லினக்ஸிலும் வேறு நிறுவனத்து ஆப்டிகல் மாட்யூலை ஏற்காமல் அடம்பிடிக்கும், டிரைவருக்குத் தனி அனுமதி கொடுக்க வேண்டும். எக்ஸ்540 இன்னும் மோசம். ஆர்ஜே45 என்று பார்த்து வாங்கிவிடுவார்கள், அதற்கு 2.5ஜியும் 5ஜியும் தெரியாது, 10ஜி பிடிக்காவிட்டால் நேராக 1ஜிக்கு விழும்.

சூடு இன்னொன்று. இவை சர்வர் கேஸில் முன்னால் இருந்து பலமாகக் காற்று அடிக்கும் என்று எண்ணிச் செய்தவை. கிராபிக்ஸ் கார்டின் சூடான காற்றுக்குக் கீழே வைத்தால், பெரிய நகலின் நடுவில் லிங்க் அறுந்து அறுந்து வரும். கனெக்ட்எக்ஸ்-3 செருகிய பின் ப்ராசசர் ஆழ்ந்த உறக்கநிலைக்குப் போகாமல் நிற்பதும் பரவலான புகார். 24 மணி நேரமும் ஓடும் நாஸில் அது கரண்ட் பில்லில் தெரியும்.

ரிச்சி_ரவி:
சூடு சரி. 40 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்றை ஹீட்சிங்க் மேல கேபிள் டையால் கட்டுங்க, போதும். விண்டோஸ் டிரைவர் பழசுதான், ஆனா விண்டோஸ் 11-இல் ஓடுது. அது உறுத்தினா கனெக்ட்எக்ஸ்-4 எல்எக்ஸ் எடுங்க, டிரைவர் புதுசு, 25ஜி வரைக்கும் போகும். விலை கொஞ்சம் கூட. 2.5ஜியில் மட்டும் வம்பே இல்லையா? மின்சேமிப்பு வசதி இரு பக்கமும் ஒத்துப்போகாம லிங்க் விட்டுவிட்டு வர்றது எத்தனை இடத்தில் நடக்குது.

அமுதா_நெட்:
நடக்கிறது. டிவைஸ் மேனேஜரில் அந்த கார்டின் 'அட்வான்ஸ்டு' பக்கத்தில் 'எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட்', 'கிரீன் ஈதர்நெட்' இரண்டையும் அணைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும். டெபியன் பக்கமும் ஈத்டூலில் அதையே அணைக்க வேண்டும். ஜம்போ ஃப்ரேம் (வழக்கமான 1500 பைட்டுக்குப் பதில் 9000 பைட் பாக்கெட்) பக்கம் போகவே வேண்டாம். ஒரு பக்கம் 9000, மறுபக்கம் 1500 என்று ஆனால் பிங் போகும், நகல் தொங்கக்கூடும்.

பரணி_எடிட்:
பிளேடால் சுரண்டிப் பார்த்தேன், முழுச் செம்பு. எஸ்எஸ்டியில் 100 ஜிபி நகல் 430-இல் தொடங்கி, கடைசியில் 160-இல் நிற்கிறது. ஹார்ட் டிஸ்க் 190.

அமுதா_நெட்:
அப்படியானால் எந்த கார்டு போட்டாலும் 200 ஜிபி நகல் பதினேழு, பதினெட்டு நிமிடம். அதை 2.5ஜியே தரும். மிச்சக் காசில் எஸ்எஸ்டியை மாற்றுங்கள்.

ரிச்சி_ரவி:
எஸ்எஸ்டியை மாத்தின அடுத்த நாளே 2.5ஜி தடையாகும், அதைத்தான் நான் முதல்ல இருந்து சொல்றேன். பைப்பில் இடம் இருந்தா ஃபைபரை இப்பவே இழுத்துப் போடுங்க.

கோவை_பென்ச்:
எதை வாங்கினாலும் ஒரு விஷயம். பழைய ஜிகாபிட் இணைப்பை இன்டர்நெட்டுக்கு விட்டுவைப்பீர்கள் என்றால், புது கார்டுகளுக்கு பிசியில் 10.10.10.1, நாஸில் 10.10.10.2 என்று ஐபி எண் கொடுங்கள், கேட்வே கட்டத்தைக் காலியாக விடுங்கள். வேகம் அளக்கும் ஐபெர்ஃப்3-ஐ இரு திசையிலும் ஓட்டுங்கள், 2.5ஜியில் 2.35 ஜிகாபிட் வர வேண்டும். பிறகு விண்டோஸில் நெட்வொர்க் டிரைவை நாஸின் பெயரால் அல்ல, 10.10.10.2 என்ற எண்ணால் இணையுங்கள். பெயரால் இணைத்தால் நகல் பழைய ஜிகாபிட் வழியிலேயே போகக்கூடும், கார்டில் கோளாறு என்று கடைக்குத் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் இதனால்தான்.