மறு: ‘டைப்’ என்பதற்குத் தமிழ்: முன்னடையாளமா, அச்சா?

குழுவினருக்கு வணக்கம். வேதாகமத்தில் ஒரு நபரோ பொருளோ நிகழ்ச்சியோ இன்னொன்றுக்கு மாதிரியாக நிற்பதை ஆங்கிலத்தில் ‘டைப்’ என்கிறார்கள். அதற்குப் புதிய தமிழ்ச் சொல் தேவையா என்று எழுந்த கேள்விகளுக்கு இது பதில்.

> ‘முன்னடையாளம்’ என்று வேதாகமத்திலேயே சொல் இருக்கிறது. புதிதாக ஒன்று எதற்கு?

நியாயமான கேள்வி. ரோமர் 5:14-இல் ஆதாமைப் பின்பு வந்தவருக்கு ‘முன்னடையாளம்’ என்கிறது பழைய மொழிபெயர்ப்பு. அங்கே அது கச்சிதமாக உட்காருகிறது. ஆதாம் முன், கிறிஸ்து பின். சிக்கல் ஆலயத்துக்குள் நுழையும்போதுதான் தொடங்குகிறது.

மலையில் காட்டிய மாதிரியின்படியே எல்லாவற்றையும் செய் என்று யாத்திராகமம் 25:40-இல் மோசேக்குக் கட்டளை. எபிரெய மூலத்தில் ‘தப்னீத்’, கட்டுதல் என்னும் வினையடியிலிருந்து வந்த சொல். தாவீது சாலொமோனிடம் ஒப்படைக்கிற ஆலயத் திட்டமும் (1 நாளாகமம் 28) அதே தப்னீத்தான். கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் யாத்திராகமத்தின் அந்த வசனத்தில் ‘தூப்போஸ்’ என்று போட்டார்கள். ‘டைப்’ அதிலிருந்து வந்ததுதான். எபிரெயர் 8:5 அதை அப்படியே எடுத்தாள்கிறது. ஆக, இங்கே தூப்போஸ் மேலே இருக்கிற மூலம், பாலைவனத்துக் கூடாரம் அதைப் பார்த்துச் செய்தது. 9:24-இல் கையால் செய்த பரிசுத்த ஸ்தலம் ‘அந்தித்தூப்போஸ்’ (தூப்போஸுக்கு எதிரே நிற்கும் இணை) ஆகிறது. 1 பேதுரு 3:21-க்குப் போனால் கதை தலைகீழ். நோவா காலத்து வெள்ளம் பழையது. பின்னால் வந்த ஞானஸ்நானமே அந்தித்தூப்போஸ். ஒரே சொல் ஓரிடத்தில் நகலைக் குறிக்கிறது, மற்றோரிடத்தில் நிறைவேற்றத்தை. ‘முன்’ என்று தொடங்கும் சொல்லைக் கொண்டு எபிரெயர் நிருபத்தை விளக்கப் புகுந்தால், மேல்–கீழ் உறவு முன்–பின் உறவாகிவிடும்.

(பேதுருவின் அந்தச் சொல்லுக்குப் பழைய மொழிபெயர்ப்பு தந்தது ‘ஒப்பனை’. ஒப்பிலிருந்து பிறந்த நல்ல சொல். இன்று ஓய்வுநாள் பள்ளியில் அதை வாசிக்கிற பிள்ளைக்கு முகப்பூச்சுதான் நினைவுக்கு வரும். என்ன செய்வது!)

> ‘குறியீடு’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகலாமே?

போகக்கூடாது. முதல் நூற்றாண்டில், குருமார் குடும்பத்தில் பிறந்த யூத வரலாற்றாசிரியர் ஜொசீபஸ் எருசலேம் ஆலயத்துத் திரையை விளக்குகிறார்: சிவப்பு நூல் நெருப்பு, பஞ்சுநூல் மண், இளநீலம் காற்று, இரத்தாம்பரம் கடல். குத்துவிளக்கின் ஏழு அகல்கள் ஏழு கோள்கள். பன்னிரண்டு அப்பங்கள் ஆண்டின் வட்டம். இது குறியீடு. இன்ன பொருள் இன்னதைச் சுட்டுகிறது, அவ்வளவே. எபிரெயர் நிருபக்காரர் மகா பரிசுத்த ஸ்தலத்தின் திரையை எடுத்துக்கொண்டு செய்வது வேறு வேலை. ஆண்டுக்கு ஒருமுறை இரத்தத்தோடு திரைக்கு உள்ளே போகிற பிரதான ஆசாரியனை, ஒரேதரம் பரலோகத்துக்குள் போன கிறிஸ்துவோடு அவர் பொருத்துகிறார். செயலுக்கு எதிரே செயல், நுழைவுக்கு எதிரே நுழைவு. இரண்டையும் ‘குறியீடு’ என்ற ஒரே மூட்டையில் கட்டினால் வேறுபாடு தொலைந்துபோகும்.

என் பரிந்துரை: தூப்போஸ் = அச்சு. ‘அடி’ என்று பொருள்படும் வினையிலிருந்து வந்த கிரேக்கச் சொல் அது. அடித்ததால் விழுந்த தடம். யோவான் 20:25-இல் தோமா பார்க்கக் கேட்கும் ஆணித் தடமும் தூப்போஸ்தான். அச்சகத்து ‘டைப்’பும் இதே வேரிலிருந்து வந்தது, அதையும் நாம் அச்சு என்றுதானே சொல்கிறோம்?

அதன் இணையான அந்தித்தூப்போஸுக்கு முதலில் ‘வார்ப்பு’ என்று எழுதிவைத்திருந்தேன். இரண்டு நாள் கழித்து நானே அடித்துவிட்டேன். வார்ப்பு அச்சு உள்ளே வெற்றாக இருக்கும், உலோகம் ஊற்றியபின்தான் நிறையும். வெள்ளம்–ஞானஸ்நானத்துக்கு அழகாகப் பொருந்தும். எபிரெயருக்கோ பரலோகம் வெற்று, கூடாரம் நிறைவு என்றாகிவிடும். ஆசிரியர் சொல்வதற்கு நேர்மாறு.

பிறகு மேசையில் கிடந்த ரப்பர் முத்திரை கண்ணில் பட்டது. அதில் என் பெயர் வலமிடம் மாறிக் கிடக்கிறது. தாளில் ஒற்றினால் நேராக விழுகிறது. இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்து நிற்கின்றன. எனவே அந்தித்தூப்போஸ் = எதிரச்சு.

‘எதிர்’ என்றதும் பகை என்று சிலர் முகம் சுளிப்பீர்கள். எதிரொலி ஒலிக்குப் பகையா? எதிர்வீட்டுக்காரர் எல்லோரும் விரோதிகளா? (சிலர் இருக்கலாம்.) எதிர்காலம் என்னும்போது அதே ‘எதிர்’ நம்மை நோக்கி வருவதைக் காட்டுகிறது. பேதுருவின் பின்வருவதற்கும் எபிரெயரின் மேல்–கீழ் நேர்நிற்றலுக்கும் ஒரே முன்னொட்டு போதும். கிரேக்கச் சொல்லிலும் இதே இரட்டைத்தன்மை இருப்பதால்தான் இரண்டு நிருபங்களும் அதைத் தம் வசதிக்கு வளைக்க முடிந்தது.

‘முன்னடையாளம்’ ரோமரில் இருந்தபடியே இருக்கட்டும். அதில் கைவைக்க வேண்டாம். விளக்கவுரை எழுதும்போது, அது அச்சில் ஒரு வகை என்று ஒரு வரி சேர்த்தால் சரி.

இப்படி விளக்கும் முறைக்கு (ஆங்கிலத்தில் ‘டைப்பாலஜி’) துறைப்பெயர்தான் அகப்படவில்லை. ‘அச்சியல்’ என்றால் அச்சகத் தொழில் என்றே எடுத்துக்கொள்வார்கள். ‘அச்செதிரச்சு விளக்கமுறை’யைப் பிரசங்க மேடையில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள், நாக்கு சுளுக்கிக்கொள்ளும். யாரிடமாவது இதைவிடக் குறுகியது இருந்தால் எழுதுங்கள்.