சண்டை ரூல் நிஜம்போல் இருக்கணுமா, ஆட்டம் ஓடணுமா: உங்களுக்கு இன்னும் உறுத்துகிற ஒரு சம்பவம்

ஆத்தங்குடிக்கட்டம்

போன பொங்கல் லீவில் நடந்தது, எழுதினால்தான் மனதை விட்டுப் போகும்போல. முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்கு எல்லோரும் ஊருக்கு வந்திருந்தோம். பெரியவர்கள் இரண்டாங்கட்டில், நாங்கள் ஆறு பேர் பட்டாலைக் கூடத்தில். ஆளுக்கொரு பாத்திரமாகிக் கதை சொல்லி, பகடை உருட்டி ஆடுகிற ரோல்பிளே ஆட்டம். ஆத்தங்குடிக் கல் தரைதான் மேப், ஒரு கல் ஐந்தடி. நான் டி.எம்., அதாவது கதையையும் எதிரிகளையும் நடத்துகிறவன்.

அடி பட்டால் ஹிட் பாயிண்ட், அதாவது ஆளின் உயிர்க்கணக்கு, வெறும் எண்ணாகக் குறைகிறதே, வெட்டு எங்கே விழுந்தது என்று தெரியவேண்டாமா என்று நானே ஒரு அட்டவணை போட்டிருந்தேன். 1978இல் வந்த ரூன்குவெஸ்ட் என்ற ஆட்டத்தில் அடி எந்த உறுப்பில் விழுந்தது என்று பார்க்கத் தனியாகப் பகடை உருட்டுவார்களே, அதைப் பார்த்து வந்த ஆசை.

சித்தப்பா மகன் எட்டாவது படிக்கிறான், முதல்முறை ஆடுகிறான். வில்லாளி. இரண்டு நாள் உட்கார்ந்து அந்த வில்லுக்கு மட்டுமே நான்கு பக்கம் கதை எழுதி வந்திருந்தான், எந்த மரம், யார் செய்தது, எல்லாம். முதல் சண்டை, இரண்டாவது ரவுண்ட், எதிரியாக வந்த குட்டிப் பூதம் காப்ளினுக்கு இருபதுமுகப் பகடையில் 20 விழுந்தது. அட்டவணையில் வில்லாளியின் வலது கை. டேமேஜ் பாதிக்கு மேல், அதனால் முழங்கைக்குக் கீழே போச்சு. எல்லோரும் ஓவென்று கத்தினார்கள், எனக்கும் அந்த நிமிடம் பெருமையாகத்தான் இருந்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. ரப்பரை எடுத்து, தன் பாத்திரத்தின் ஷீட்டில் ‘நெடுவில்’ என்று இருந்ததை நிதானமாக அழித்தான். தூளை விரலால் கூட்டி, கல்லில் இருக்கிற பூவின் ஓரத்துக்குத் தள்ளினான். அப்புறம் இரண்டரை மணிநேரம், அவன் முறை வரும்போதெல்லாம் ‘பாஸ்’.

எந்தக் கல், எந்தப் பூ என்றுகூட எனக்கு இன்னும் தெரியும்.

செக்காலை_டி20

எனக்கு நேர் எதிராக நடந்தது. காரைக்குடியில் ஹாஸ்டல் அறை, டி அண்டு டி (டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்) 2014 பதிப்பு, ஒன்றரை வருஷமாக ஒரே தொடர்கதையாக ஓடிய கேம்பெயின். டிராகன் துரத்துகிறது, கயிறு அறுந்துவிட்டது, கீழே 200 அடி, வெறும் பாறை. டி.எம். அதைச் சொன்னவிதத்தில் எனக்குக் கை சில்லிட்டுப்போனது. பக்கத்தில் இருந்தவன் ஃபைட்டர், 118 ஹிட் பாயிண்ட். செல்லை எடுத்துக் கணக்குப் போட்டான்: பத்தடிக்கு ஒரு ஆறுமுகப் பகடை, அதிகபட்சம் இருபது பகடை, சராசரி 70. “சரி, குதிக்கிறேன்.” குதித்தான். 64 விழுந்தது. எழுந்து நடந்தான். எட்டு மணிநேரம் படுத்து எழுந்ததும் முழு ஹிட் பாயிண்ட்டும் திரும்பி வந்துவிட்டது.

அவன் மேல் தப்பே இல்லை, எல்லாம் புத்தகத்தில் இருப்பதுதான். ஆனால் அதற்கப்புறம் அந்த உலகத்தில் எந்த மலையும் எனக்கு மலையாகத் தெரியவில்லை. உங்கள் தம்பிக்கு நடந்தது கஷ்டம்தான் அண்ணே, மறுக்கவில்லை. ஆனால் அந்த மேஜையில், சரி, அந்தத் தரையில், ஆடிய ஐந்து பேரும் அடுத்த காப்ளினைப் பார்த்து நிஜமாகவே பயந்திருப்பார்கள். எங்கள் ஹாஸ்டல் ஆட்டத்தில் அந்தப் பயம் அன்றோடு போனதுதான்.

கம்புக்காரன்

நிஜம் நிஜம் என்று பேசுகிறவர்கள் ஒருதடவை கம்பைப் பிடித்துப் பார்க்கணும்.

கண்மாய்க்கரையில் எங்களுக்குச் சிலம்பம் சொல்லிக்கொடுத்த வாத்தியார் ஒருநாள் என் கையில் இரண்டரை அடி மரக்கத்தியைக் கொடுத்து, “வந்து என்னத் தொடு” என்றார். அவரிடம் புருவ உயரக் கம்பு. மூன்று தடவை உள்ளே போகப் பார்த்தேன். மூன்று தடவையும் கம்பின் நுனி என் தொண்டைக்குழிக்கு ஒரு விரல்கடை தள்ளி வந்து நின்றது. அவர் கால் ஒரு சாணுக்கு மேல் நகரவில்லை. “உள்ள வந்தாத்தான் அது கத்தி, வெளிய நின்னா வெறும் மரம்” என்றார்.

அதே வாரம் டி அண்டு டி ஆட்டத்தில் நான் ஆடிய துறவி கையில் கம்பு. கத்தியோடு ஒரு காப்ளின் நேராக நடந்துவந்து குத்தினான். இனிஷியேட்டிவ், அதாவது முதலில் அடிக்கும் முறை, அவனுக்கு, அவ்வளவுதான். புத்தகத்தில் கம்புக்கும் எட்டும் தூரம் ஐந்தடி, குறுங்கத்திக்கும் எட்டும் தூரம் ஐந்தடி. நுனியில் நிறுத்திவைக்கலாமா என்று கேட்டேன், ரூலில் இல்லை என்றார்கள். வாத்தியார் முன்னால் வியர்த்து நின்றது உடம்பில் இருக்கும்போதே அதைக் கேட்டதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதே டி.எம். முழு இரும்புக் கவசம் போட்டவன் விழுந்தால் எழ ஒரு ரவுண்ட் ஆகும் என்று சொந்தமாக ரூல் வைத்திருந்தார், நிஜம் வேணுமாம். ஐரோப்பாவில் போட்ட முழுக் கவசம் ஏறக்குறைய 15லிருந்து 25 கிலோ, உடம்பு முழுக்கப் பிரித்துக் கட்டியது, அதோடு ஓடலாம், குதிரை ஏறலாம். வளைந்த எறிகோலான வளரியையும், எறிந்தால் கைக்குத் திரும்பி வரும் ஆயுதமாகப் போட்டிருந்தார். நம்ம சீமை வளரி திரும்பி வராது, ஓடுகிறவன் காலை வாங்கும். பாதி ‘நிஜம்’ சினிமாவில் பார்த்ததுதான்.

இரண்டாங்கட்டு

கம்புக்காரன் அண்ணே, நீங்கள் சொல்வதெல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். அதை ரூலாக்கினால் என்ன ஆகும் என்று நான் பார்த்தேன்.

பள்ளத்தூரில் ஆயா வீடு, ரோல்மாஸ்டர் என்ற ஆட்டம். ஒவ்வோர் ஆயுதத்துக்கும் ஒரு பக்கம், அதில் 20 வகைக் கவசம், அடி பட்டால் அதற்குமேல் காயம் எவ்வளவு மோசம் என்று பார்க்க இன்னொரு கிரிட்டிக்கல் அட்டவணை, ரத்தம் ரவுண்டுக்கு எவ்வளவு போகிறது என்று தனிக் கணக்கு. கரண்ட் வேறு போய்விட்டது. செல் வெளிச்சத்தில் என் தம்பி பக்கம் புரட்டுகிறான். நான் வாளை ஓங்கினேன் என்று சொன்னபோது ஆயா வெள்ளைப் பணியாரம் கொண்டுவந்து வைத்தார்கள். தட்டை எடுத்துப்போக மறுபடி வந்தபோதும் நாங்கள் அதே வரியில் விரல் வைத்திருந்தோம். “ஏன்டி, அந்தக் கத்தி இன்னுமா எறங்கல?” என்று ஆயா கேட்டார்கள். கேலியாகக் கேட்கவில்லை. அவர்களும் கதை கேட்டுக்கொண்டிருந்தார்கள், என்ன ஆச்சு என்று நிஜமாகவே தெரிந்துகொள்ள நினைத்தார்கள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. சண்டையில் ஒரு நொடி, பட்டாலையில் கால் மணி நேரம், அதில் எது நிஜம்?

செக்காலைக்கும் ஒன்று. ஹிட் பாயிண்ட்டைச் சதையாக நினைத்தால் கோபம்தான் வரும். டி அண்டு டியை உருவாக்கியவர்களில் ஒருவரான டேவ் ஆர்னெசன் கூட்டத்தில் முதலில் ஒரே அடியில் சாவுதான், ஆடியவர்களால் தாங்க முடியவில்லை, அப்புறம்தான் இரும்புக்கப்பல் சண்டை விளையாட்டிலிருந்து அந்தக் கணக்கை எடுத்து ஆளுக்கு வைத்தார். கப்பல் ஒரு குண்டில் முழுகாது. டி அண்டு டி 1974இல் புத்தகமாக வரும்போது அந்தக் கணக்கும் அதோடு வந்தது. ஆளை ஆட்டத்தில் நிறுத்திவைக்கத்தான் அது பிறந்தது.

கம்புக்காரன்

நல்ல ரூலுக்கு 20 அட்டவணை வேண்டாம் ஆச்சி. கம்புக்கு எட்டும் தூரம் அதிகம், ஒட்டி வந்தவனிடம் பயனில்லை, இடுக்கில் சுற்ற முடியாது. ஒரு வரி. வளவு முற்றத்துக்குள் கம்பைச் சுற்றிப் பாருங்கள், முதலில் தூணில்தான் அடிக்கும். ஐந்து பேரும் கம்பே எடுப்பார்கள் என்றால் எடுக்கட்டும், பழைய படைகளில் பெரும்பாலும் வேலும் ஈட்டியும்தானே.

ரஸ்தாக்காரன்

என் அனுபவம் சின்னது. ஐந்து பேர் சேர்ந்து ஒரே ஒரு காப்ளினை அடித்தோம், அதற்கு இரண்டே ஹிட் பாயிண்ட் மிச்சம், எங்களுக்குப் பகடை விழவே இல்லை, இருபது நிமிடம். ஒருத்தன் கேட்டான், “இவன் ஏன் ஓடல?” டி.எம். ஆக இருந்த எனக்குப் பதில் இல்லை. சிராவயல் மஞ்சுவிரட்டில் மாடு நம்மைப் பார்த்துத் திரும்பினால் நின்று கணக்குப் பார்ப்போமா, ஓடுவோம்.

கேட்கவில்லை என்றாலும் தம்பி ஆத்தங்குடிக்கட்டத்துக்குச் சொல்கிறேன். டி அண்டு டியின் 1981 பேசிக் பதிப்பில் மொரேல், அதாவது துணிச்சல், என்று ஒன்று இருக்கிறது. எதிரிக் கூட்டத்தில் முதல் ஆள் விழும்போதும், பாதிப்பேர் விழும்போதும், இரண்டு ஆறுமுகப் பகடை உருட்டணும். கூட்டுத்தொகை அவர்கள் துணிச்சல் எண்ணைத் தாண்டினால் ஓடுவார்கள், இல்லை சரணடைவார்கள். அட்டவணை ஒன்றுமில்லை, சண்டை பாதி நேரத்தில் முடியும், அதுதான் நிஜத்துக்கும் பக்கத்தில் இருக்கிறது. நிஜமும் வேகமும் ஒன்றுக்கொன்று பகை என்று இந்த இழையில் எல்லோரும் எழுதுவதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

அப்புறம் உறுப்பு அட்டவணை. அதைத் தூக்கிப்போட வேண்டாம், ஆனால் ஒவ்வோர் அடிக்கும் உருட்டாதீர்கள். ஹிட் பாயிண்ட் பூஜ்யத்துக்கு வரும்போது மட்டும் உருட்டுங்கள். அப்போது ஆடுகிறவனிடமே கேளுங்கள், சாவை எதிர்த்துப் பகடை போடுகிறாயா, தழும்போடு எழுகிறாயா என்று. கையைக் கொடுத்து உயிரை வாங்கினேன் என்று அவனே சொல்லும்போது அது அவன் கதை. அட்டவணையைச் சண்டைக்கு முன்பே எல்லோர் கண்ணிலும் காட்டிவிடணும், முதல்முறை வருகிற சின்னப் பிள்ளைக்குக் கண்டிப்பாக.

ரவுண்ட் எவ்வளவு நேரம் என்பதையும் பேசிவிடுங்கள். அட்வான்ஸ்டு டி அண்டு டி முதல் பதிப்பில் ஒரு நிமிடம், 2014 பதிப்பில் ஆறு நொடி, கர்ப்ஸ் என்ற இன்னோர் ஆட்டத்தில் ஒரே ஒரு நொடி. ஒரு நிமிடம் என்றால் பகடை ஒன்று பல வீச்சுக்குச் சேர்த்து, அதில் உறுப்பு பார்ப்பதற்கு அர்த்தமே இல்லை. ஒரு நொடி என்றால் கம்புக்காரன் கேட்கிற எட்டும் தூரம், நுனி எல்லாம் தானாக உள்ளே வரும். எதற்குப் பகடை உருட்டுகிறோம் என்று தெரியாமல் ரூல் சேர்த்தால் இப்படித்தான் யாராவது ரப்பரை எடுப்பார்கள்.

ஆத்தங்குடிக்கட்டம்

எல்லாவற்றையும் படித்தேன். ரஸ்தாக்காரன் அண்ணே, நீங்கள் சொன்னது சுட்டது, ஆனால் சரி.

இதையெல்லாம் படித்துவிட்டு நேற்று ராத்திரி தம்பிக்குப் போன் போட்டேன். அந்தக் கையைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன், நடக்காததாக வைத்துக்கொள்வோம் என்றேன். வேண்டாம் என்றான். ஷீட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறானாம், அதன் பின்பக்கம் ஐந்தாவது பக்கக் கதை எழுதியிருக்கிறானாம். கம்புக்காரன் வளரியைப் பற்றி எழுதியிருந்ததை அவனுக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்சநேரம் சத்தமே இல்லை. அப்புறம், “அண்ணே, அத இடது கையால எறியலாமா?” என்றான்.

முழுப்பரீட்சை லீவுக்கு வருகிறான். ரூல் எழுதிக்கொண்டிருக்கிறேன். காலில் பட்டால் எதிரி விழுவான் என்று மட்டும் வைத்திருக்கிறேன், டேமேஜ் குறைவு. பழகாத கைக்குப் பகடையில் எவ்வளவு கழிக்கலாம், 2 போதுமா, 4 வேணுமா? கம்புக்காரன், உங்கள் வாத்தியாரிடம் கேட்டுச் சொல்ல முடியுமா?