அண்ணாநகர் உழவர் சந்தை விவசாயிகளைப் பழக்கமுள்ளவர்கள் உதவுங்கள்

மதுரைக்காரர்களுக்கு வணக்கம். அண்ணாநகர் உழவர் சந்தையில்தான் வீட்டுக்குக் காய் வாங்குகிறேன். 1999 நவம்பரில் தமிழ்நாட்டிலேயே முதலில் தொடங்கிய உழவர் சந்தை இது. இடைத்தரகர் கிடையாது, அடையாள அட்டை வைத்திருக்கும் விவசாயிகளே கடை போடுகிறார்கள். அப்படியிருந்தும் யார் விளைவித்ததைச் சாப்பிடுகிறோம் என்று தெரியாமலே பையை நிரப்பிக்கொண்டு வருவது மனதுக்கு ஒப்பவில்லை.

போன வாரம் ஓர் அம்மாவிடம் வரிக் கத்தரிக்காய் வாங்கினேன். காம்பு முள் விரலில் குத்தியது, அவ்வளவு புதுசு. எந்த ஊர், என்ன உரம் போடுகிறீர்கள் என்று கேட்க ஆசை. அதற்குள் பின்னால் நாலு பேர் நின்றுவிட்டார்கள். வியாபார நேரத்தில் அவரைப் பேச்சில் பிடித்து வைப்பதும் நியாயமில்லை.

அங்கே வழக்கமாக வாங்குபவர்கள் சொல்லுங்கள்: எத்தனை மணிக்குப் போனால் கூட்டம் குறைந்து நிதானமாகப் பேச முடியும்? நாட்டுக் காய், கீரை போடுபவர்கள் யாராவது உங்களுக்குப் பழக்கமா? தோட்டத்தைப் பார்க்க வரலாமா என்று கேட்டால் தப்பாக நினைப்பார்களா? பிள்ளைகளையும் கூட்டிப் போக விருப்பம். அப்புறம், கடை எந்த வரிசையில் என்று மட்டும் இங்கே எழுதுங்கள். அவர்களைக் கேட்காமல் போன் நம்பரைப் போட வேண்டாம்.