ஸ்பாங்கிள் என்பதற்குத் தமிழில் என்ன? (திங்கட்கிழமைக்குள் வேண்டும்)

கோவை, மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். தொழிற்பயிற்சி மாணவர்களுக்கான உலோகக் கையேட்டில் துத்தநாக அத்தியாயம் திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. உருகுநிலை 419.5 பாகை செல்சியஸ், கொதிநிலை 907, அடர்த்தி 7.14 வரை எந்தச் சிக்கலும் இல்லை. குளிர்ந்த நிலையில் நொறுங்கும், 100 முதல் 150 பாகைக்குள் தகடாக அடிக்க இணங்கும், 200 பாகையைத் தாண்டினால் மறுபடியும் நொறுங்கும் என்பதையும் எழுதிவிட்டேன். மாட்டிக்கொண்டது ஸ்பாங்கிளில், அதாவது துத்தநாக முலாமின் மேல் தெரியும் கோலத்தில். புது ஜி.ஐ. (துத்தநாக முலாம் பூசிய இரும்பு) வாளியை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். கோணல்மாணலான கட்டங்கள், ஒன்று மின்ன, பக்கத்தில் உள்ளது மங்கித் தெரியும். அதற்கு 'நாகப்பூ' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

பெருந்துறை, சித்த மருத்துவர்:
கூடவே கூடாது. சிறுநாகப்பூ எங்கள் மருந்துச் சரக்கு. குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியலிலும் நாகம் இருக்கிறது. மாணவன் நாட்டு மருந்துக் கடைக்குப் போய் நிற்பான். மேலும் சித்த மருத்துவத்தில் நாகம் என்றால் துத்தநாகம். நாக பற்பம் என்ற மருந்துப் பொடியை அதிலிருந்துதான் செய்கிறோம். வடமொழி மருத்துவ நூல்களிலோ நாகம் என்பது ஈயம், துத்தநாகத்துக்கு யசதம் என்று பெயர். மயில்துத்தத்தில் வரும் துத்தத்தையும் சேர்த்துப் பார்த்தால்... இதைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

ஈரோடு, தமிழாசிரியர் (ஓய்வு):
துத்தமும் வேண்டாம், நாகமும் வேண்டாம். நொய்யல் கரையில், கொடுமணலில் இரும்பும் எஃகும் உருக்கிய மண் இது. அவர்களிடம் இந்த உலோகத்துக்கும் நல்ல தமிழ்ப்பெயர் இருந்திருக்கும், நாம்தான் தொலைத்துவிட்டோம். ஸ்பாங்கிளுக்குப் 'பொறி' போதும். பொறிவண்டு, பொறிமயில் என்னும்போது பொறி புள்ளியைத்தானே குறிக்கிறது?

கோவை, முலாம் பட்டறை உரிமையாளர்:
ஐயா, பட்டறையில் பொறி என்று சொன்னால் எல்லோரும் கண்ணைப் பொத்திக்கொள்வார்கள்.

கொடுமணலில் பெயர் தேட வேண்டியதில்லை. இரும்பைப் போல உலையில் கரியோடு போட்டால் துத்தநாகம் கையில் கிடைக்காது. தாதுவிலிருந்து பிரியத் தேவைப்படும் சூடு அதன் கொதிநிலைக்கு மேல். பிரியும்போதே ஆவியாகிக் காற்றில் எரிந்து வெள்ளைப் பொடியாகிவிடும். மூடிய மண்குடுவையில் ஆவியைக் கீழிறக்கிக் குளிரவைத்து எடுக்கும் வித்தையை ராஜஸ்தானின் ஜாவரில் கண்டுபிடித்தார்கள். இரும்பும் செம்பும் வந்து பல நூற்றாண்டுகள் கழித்தே இந்த உலோகம் தனியாகக் கிடைத்தது.

பூ விஷயத்துக்கு வருகிறேன். உருகிய துத்தநாகத் தொட்டி சுமார் 450 பாகையில் இருக்கும். அதில் இரும்புத் தகட்டை முக்கி எடுத்தவுடன் அது கண்ணாடி போலப் பளபளவென்று இருக்கும், ஒரு கோடுகூட இருக்காது. உறையும்போதுதான் அங்கங்கே ஒரு புள்ளியில் தொடங்கிப் படிகம் பரவும். இரண்டு படிகம் முட்டிக்கொள்ளும் இடம் கட்டத்தின் ஓரம். உருகலில் ஈயம் சிறிது கலந்திருந்தால் பூ பெரிதாக விரியும். இப்போது ஈயத்தைக் குறைத்துவிட்டார்கள், பூவும் சிறுத்துவிட்டது. பெரிய பூ இருந்தால்தான் நல்ல சரக்கு என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். துருவைத் தடுப்பது முலாமின் கனம், பூவின் அளவு அல்ல. நாங்கள் சொல்வது வெறும் பூ.

திருப்பூர், பாலிடெக்னிக் ஆசிரியை:
வெறும் பூ ஆபத்து. ஈரத்தோடு அடுக்கிவைத்த தகட்டில் வெள்ளைத் துரு பிடித்தால் 'பூத்துவிட்டது' என்கிறோம், சுவரில் உப்புப் பூப்பது போல. இது அழகு, அது பழுது. தேர்வில் இரண்டையும் குழப்பினால் மதிப்பெண்ணை நான்தான் குறைக்க வேண்டும். 'படிகப்பூ' என்று வைக்கலாம்.

ஈரோடு:
படிகம் வடசொல். பளிங்கு என்க. பளிங்குப்பூ, உவமையாகுபெயராகவும் அமையும்.

திருப்பூர்:
ஐயா, பளிங்கு என்றதும் பிள்ளைகள் தரையில் பதிக்கும் கல்லை நினைப்பார்கள். தாங்கள் சொல்லும் பளிங்கின் பிறப்பையும் ஒருமுறை அகராதியில் பார்த்துவிடுங்கள்.

ஈரோடு:
பார்த்துவிட்டேன். அகராதிக்காரர்கள் சொல்வதை நான் ஏற்பதில்லை.

கோவை, மொழிபெயர்ப்பாளர்:
மணி பதினொன்றாகிவிட்டது. படிகப்பூவுக்கு மூவர் இசைந்திருக்கிறார்கள், வைத்தியர் ஐயா இன்னும் துத்தத்தில் இருக்கிறார். முதல் இடத்தில் படிகப்பூ என்று போட்டு, அடைப்புக்குறிக்குள் ஸ்பாங்கிள் என்று சேர்த்துவிடுகிறேன். அடுத்த பக்கத்தில் டிராஸ் வருகிறது. கசடு என்று எழுதட்டுமா?

ஈரோடு:
படிகப்பூவுக்கு என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளவும். டிராஸுக்குக் கிட்டம்.

பெருந்துறை:
கிட்டம் இரும்புக் கழிவுக்கு உரியது. மண்டூரம் என்ற மருந்து செய்வது அதிலிருந்துதான்.

கோவை, பட்டறை:
எதைக் கேட்கிறீர்கள் தம்பி? தொட்டியில் மேலே மிதப்பது சாம்பல், அது துத்தநாகம் காற்றுப்பட்டு எரிந்தது. அடியில் தங்குவது இரும்போடு சேர்ந்து கெட்டியானது. டிராஸ் என்பது அடியில் தங்குவது. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிடாதீர்கள்.