அம்மம்மா வீட்டுக் குழு: ஞாயிறு திவசமும் மாமாவின் ஹொக்கியும்

சித்தி: ஞாயிறு அம்மப்பாவின் திவசம். ஐயர் 10 மணிக்கு வெள்ளவத்தை வீட்டுக்கு வருவார். யார் யார் வருகிறீர்கள்? வடை யார்?

பெரியம்மா: பாயசம் நான்

சித்தப்பா: உழுந்து விலை கேட்டீர்களா

மாமா: நான் வருவது சந்தேகம். கழகக் கமிட்டி அன்றைக்குக் காலையில் கூப்பிட்டிருக்கிறது. சீசன் பற்றி விளக்கம் வேண்டுமாம்.

தம்பி: 10 மெட்ச், 1 வெற்றி. என்ன விளக்கம் மாமா

மாமா: பொறு, எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சித்தி: அண்ணா, அப்பாவின் திவசத்தை விட ஹொக்கி பெரிதா?

மாமா: எல்லாரும் கோச் கோச் என்கிறார்கள், நான் என்ன மட்டையைப் பிடித்துக்கொண்டு உள்ளேயா நின்றேன்? ரீட் அவெனியூ டர்ஃப், அந்தச் செயற்கைப் புல் மைதானம், எங்களுக்குக் கிழமைக்கு ஒரு நாள்தான் கிடைத்தது, மற்ற நாளெல்லாம் மண் கிரவுண்டில் ஓடிய பெடியன்கள் தண்ணீர் அடித்த டர்ஃபில் பந்து வருகிற வேகத்துக்கு எப்படி நிற்பார்கள். அப்புறம் வாங்கிய கோல்களில் பாதிக்கு மேல் பெனல்டி கோர்னர், கோலுக்குக் கிட்ட நாங்கள் பிழை விட்டால் எதிரணிக்குக் கிடைக்கிற அடி. அதற்குக் கீப்பரோடு சேர்த்து 5 பேர்தான் கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்கலாம், மிச்ச 6 பேரும் நடுக்கோட்டுக்கு அப்பால் போய்விட வேண்டும், அந்த ஐந்தில் கீப்பர் யார் என்று இந்தக் குழுவில் எல்லாருக்கும் தெரியும். நடுவர்மாரைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. ஒலிம்பிக்கில் 7 தங்கம் எடுத்த இந்தியா, 1976 மொன்றியலில் செயற்கைப் புல் வந்ததும் 7ஆம் இடத்துக்குப் போனது. அந்த இந்தியாவுக்கே அப்படியென்றால் நாங்கள் எம்மாத்திரம்?

பெரியம்மா: இவ்வளவும் யார் வாசிக்கிறது

சித்தப்பா: 1980 மொஸ்கோவும் செயற்கைப் புல்தான் மச்சான். தங்கம். கேப்டன் பாஸ்கரன், எங்கட தமிழன்.

மாமா: அந்த முறை பாகிஸ்தானும் அவுஸ்திரேலியாவும் வரவில்லை.

சித்தப்பா: இந்தியா வென்றதற்கும் காரணம் வைத்திருக்கிறாய் 😂

தம்பி: டர்ஃப் விஷயம் உண்மை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கோர்னரைத் தடுக்கக் கோட்டிலிருந்து முதல் ஆளாக ஓடுகிறவரை மெட்சுக்கு முதல் நாள் இரவு மாற்றியது யார்? மூன்றாம் மெட்சில் ஒருவர் வெளியே வர முன்னமே இன்னொருவரை உள்ளே அனுப்பி 12 பேர் நின்றோம். கார்டு கேப்டனுக்கு, சத்தம் போட்டது கேப்டனுக்கு, அனுப்பியது நீங்கள்.

மாமா: அவன் வெளியே வருகிற மாதிரித்தான் இருந்தது.

தம்பி: அவர் சப்பாத்து கட்டிக்கொண்டிருந்தார்

சித்தி: வடை?

பெரியம்மா: டேய், என் கலியாண வீடியோ மறந்துபோச்சா? கேசட் போடாமல் மூன்று மணித்தியாலம் கமராவைத் தூக்கிக்கொண்டு திரிந்துவிட்டுக் கரண்ட் சரியில்லை என்றவன் நீ.

மாமா: அன்றைக்கு உண்மையாகவே கரண்ட் போனது அக்கா.

பெரியம்மா: தாலி கட்டி முடிந்து பந்தியில் போனது

சித்தப்பா: அந்தப் பந்தியில்தான் எனக்கு அப்பளம் வரவில்லை. இன்னும் ஒருவரும் பொறுப்பெடுக்கவில்லை.

சித்தி: இவர் ஒருத்தர்

தம்பி: வென்ற ஒரு மெட்சுக்கு மட்டும் "என் பிளான்" என்று ஸ்டேட்டஸ் போட்டார்

மாமா: கீப்பர் எல்லாம் கதைக்கிற காலம். மச்சான், கமிட்டிக்குக் கடிதம் ஒன்று எழுத வேண்டும், நீ பார்த்துத் தா. "கூட்டுப் பொறுப்பு" என்று வருகிற மாதிரி.

சித்தப்பா: கூட்டில் உன் பேரும் வருமா

மாமா: தேவையென்றால் கடைசியில்.

சித்தி: அம்மா பக்கத்தில் இருக்கிறா. எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். அவன் சாப்பிட்டானா என்று மட்டும் கேட்கிறா.

தம்பி: அம்மம்மா 🙏

மாமா: அம்மாவிடம் சொல்லு, கூட்டம் 9 மணிக்கு, எப்படியும் பத்தரைக்குள் வரப் பார்க்கிறேன். வடையை நானே காலி வீதியில் வாங்கிக்கொண்டு வருகிறேன்.

சித்தி: படையலுக்குக் கடை வடையா???

பெரியம்மா: நான் கொஞ்சம் உழுந்து ஊறப் போடவா

சித்தப்பா: கடிதத்தை அனுப்பு, பார்க்கிறேன். ஆனால் மொன்றியல் வேண்டாம்.

மாமா: மொன்றியல்தான் முக்கியம்.

சித்தி: வாழையிலைக்கு யாரிடம் சொன்னீர்கள்?

தம்பி: மாமாவிடம் என்று நினைக்கிறேன்

மாமா: என்னிடம் யாரும் சொல்லவில்லை.