பாம்பன் வீட்டு வாட்ஸ்அப் குழு: பங்குனி ஆமை வந்த இரவு

சனிக்கிழமை

அம்மா, இரவு 10.52
பாப்பா, இரண்டு தடவை போன் அடித்துவிட்டேன், எடுக்கவில்லை. சென்னை ரூமுக்கு வந்துவிட்டாயா?

அம்மா, இரவு 11.20
உன் கூட இருக்கிற பிள்ளைக்கும் அடித்தேன். நீ கடற்கரைக்குப் போயிருப்பதாகச் சொல்கிறாள். இந்நேரத்தில் கடற்கரையில் என்ன வேலை?

தம்பி, இரவு 11.24
அம்மா, பயப்படாதே. அக்கா ஆமை பார்க்கப் போயிருக்கும். ஜனவரியிலிருந்து சனிக்கிழமை ஆனால் போகும். என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போகும்.

அம்மா, இரவு 11.25
என்னிடம் ஏன் சொல்லவில்லை?

அப்பா, இரவு 11.31
பிள்ளை தனியாகவா போயிருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை

நான், காலை 4.47
அம்மா, மன்னித்துக்கொள். போன் பைக்குள் கிடந்தது. நடக்கும்போது வெளிச்சம் கூடாது என்பதால் யாரும் வெளியே எடுப்பதில்லை. தனியாக இல்லை, இருபது பேர் போனோம். நீலாங்கரையில் தொடங்கி பெசன்ட் நகர் வரை ஏறத்தாழ 7 கிலோமீட்டர். ஆமை முட்டையைக் காப்பாற்ற 1988-ல் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து தொடங்கிய குழு இது, இன்னமும் மாணவர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து நடத்துகிறார்கள். உன்னிடம் சொன்னால் தூங்கமாட்டாய் என்று சொல்லாமல் விட்டேன். அது தப்பு. இனிமேல் கிளம்பும்போது செய்தி போட்டுவிடுகிறேன்.

நான், காலை 4.58
நேற்று தாய் ஆமையையே பார்த்தேன் அப்பா! இத்தனை வாரம் நடந்ததில் தடத்தைத்தான் பார்த்திருக்கிறேன். நேற்று கொட்டிவாக்கம் தாண்டியதும் முன்னால் போனவர் கையைக் காட்டி நிறுத்தினார். அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டோம். முட்டையிட்டு முடித்துக் குழியை மூடிக்கொண்டிருந்தது. பின்கால்களால் மண்ணைத் தள்ளுகிறது, அப்புறம் உடம்பை இடமும் வலமுமாகத் தூக்கிப் போட்டு அடித்து இறுக்குகிறது. தரையை இடித்துக் கெட்டியாக்குகிற மாதிரி தொம் தொம் என்று சத்தம், உட்கார்ந்த இடத்தில் எனக்கு அதிர்ந்தது. கடலுக்குத் திரும்பும்போது நாலு அடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கியது. ஒரு அலை வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டது.

அப்பா, காலை 5.06
தடத்தைப் பார்த்தாயா? முன்காலை மாற்றி மாற்றி வைத்திருந்ததா, இரண்டையும் சேர்த்து ஊன்றி உந்தியிருந்ததா?

நான், காலை 5.08
மாற்றி மாற்றித்தான் அப்பா.

அப்பா, காலை 5.09
அப்போது பங்குனி ஆமைதான். சேர்த்து ஊன்றினால் பேராமை. பங்குனி ஆமைதான் மாசி, பங்குனியில் கரை ஏறும். எத்தனை முட்டை?

நான், காலை 5.15
112. எண்ணியது நான்தான். குழி குடம் மாதிரி இருக்கிறது, வாய் குறுகி உள்ளே அகலமாக. கையைத் தோள் வரை விட்டு ஒவ்வொன்றாக எடுத்துத் துணிப்பையில் வைத்தோம். ஓடு கோழிமுட்டை மாதிரி கெட்டியாக இல்லை, அமுக்கினால் குழிகிற தோல். மேலே ஈரப் பிசுபிசுப்பு. அதே குழி மண்ணையும் இரண்டு பிடி போட்டுக்கொண்டு, பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் அதே மாதிரி குழி தோண்டிப் புதைத்தோம். கரையிலேயே விட்டால் நாயும் நரியும் கிண்டிவிடும். அதற்கும் தப்பிப் பொரிந்தால் குஞ்சு தெருவிளக்கைப் பார்த்து ரோட்டுக்குப் போய்விடும். இருட்டில் கடல்தான் வெளிச்சமாகத் தெரியும் என்று நம்பி வருகிற குஞ்சு அது.

அத்தை (தங்கச்சிமடம்), காலை 6.20
வாரம் முழுக்க ராத்திரி ஷிஃப்ட் பார்க்கிறாய், லீவு கிடைத்தால் தூங்காமல் இப்படி நடக்கிறாயே கண்ணு. உடம்பு தாங்குமா?

நான், காலை 6.41
தாங்குகிறது அத்தை. இதற்குப் போன பிறகுதான் உடம்பே உடம்பாக இருக்கிறது.

உங்கள் எல்லோரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். சென்னை வந்த முதல் வருடம் அப்பா தினமும் போனில் ஒரே கேள்விதான் கேட்பார், ‘அங்கே என்ன காற்று?’ என்று. எனக்குத் தெரியாது. சோழிங்கநல்லூரில் எங்கள் ஆபீஸ் ஒன்பதாவது மாடி. ஜன்னல் திறக்காது, முழுக்கக் கண்ணாடி. சாயங்காலம் ஆபீஸ் காரில் ஏறினால் காலையில் அதே காரில்தான் ரூமில் வந்து இறங்குவேன். ஒரு வங்கியின் கணக்குகள் ராத்திரியில் ஓடி முடிகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. நின்றுவிட்டால் எங்கே நின்றது என்று தேடி மறுபடி ஓட்டவேண்டும். கடல் பக்கத்திலேயே இருந்தது. ஆனால் வாடைக் காற்றா கச்சான் காற்றா என்று தெரியாமல் 365 நாள் போனது. பாம்பனில் பிறந்த பிள்ளைக்கு அது பெரிய குறை. அப்பா கேட்கும்போதெல்லாம் ‘நல்ல காற்று’ என்று சொல்லி வைப்பேன்.

அப்பா, காலை 6.44
தெரியும் தாயி. வாடை என்றோ கொண்டல் என்றோ சொல்லாமல் நல்ல காற்று என்று சொல்கிறவள் வெளியே வரவில்லை என்று தெரியும்.

குவைத் மாமா, காலை 7.10
மருமகளே, வேலையில் குறை இல்லையே? சம்பளம் ஏறியதா? போன லீவில் எங்கேயோ வடக்கே போனதாகத் தம்பி சொன்னான்.

நான், காலை 7.33
வேலை நன்றாகப் போகிறது மாமா, ஏப்ரலில் சம்பளம் ஏறும். ஆபீஸ் பிள்ளைகளோடு மூணாறு, கூர்க், பாண்டிச்சேரி எல்லாம் போனேன். போட்டோ எடுத்தோம், வந்தோம்.

ஒடிசா போனதுதான் பயணம். 2025 பிப்ரவரியில் போனேன். சென்ட்ரலில் ரயில் ஏறி பிரம்மபூரில் இறங்கி, அங்கிருந்து ருஷிகுல்யா ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் போகவேண்டும். அந்த வருடம் சில நாட்களுக்குள் 7 லட்சம் ஆமை வரை கரை ஏறியதாக வனத்துறை கணக்குச் சொன்னது. கால் வைக்க இடமில்லை மாமா. ஒன்று தோண்டிய குழியை இன்னொன்று கிளறுகிறது, ஒன்றின் முதுகில் இன்னொன்று ஏறிப் போகிறது. விடிகிற நேரத்தில் பார்த்தால் கரை முழுக்கக் கருங்கல் உருண்டு கிடக்கிற மாதிரி இருந்தது. அங்கே நவம்பர் முதல் மே முடியும் வரை அந்தக் கடலில் மீன்பிடிக்கத் தடை. அந்த ஊர் மீன்காரர் ஒருவர் வீட்டில்தான் தங்கினேன். மொழி புரியவில்லை, ஆனால் அவர் வலை பின்னுகிற கை அப்பாவின் கை மாதிரியே இருந்தது.

தம்பி, காலை 8.02
அப்பத்தா பக்கத்தில் இருக்கிறது. எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். அது சொல்வதை அப்படியே தட்டுகிறேன்:

“நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது குருசடைத் தீவுப் பக்கம் ஆமை வலை கட்டுவார்கள். பிடித்து வந்து பாம்பன் கரையில் மல்லாக்கப் போட்டு வைப்பார்கள். யாழ்ப்பாணத்துக்கு உயிரோடு ஏற்றுவார்கள். வெயிலில் கிடக்கும்போது கண்ணில் நீர் வடியும். நான் அந்தப் பக்கம் போகமாட்டேன். எங்கள் அய்யா அந்தக் கறி வாங்கி வந்தால் சாப்பிட்டிருக்கிறேன். இப்போது பேத்தி முட்டையை எடுத்துப் பத்திரம் பண்ணுகிறாள் என்கிறாய். பண்ணட்டும்.”

அப்பா, காலை 8.10
நானும் சின்ன வயதில் சாப்பிட்டவன்தான். 1972-ல் சட்டம் வந்தது, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. தனுஷ்கோடியில் இப்போது வனத்துறை ஆட்கள் விடியற்காலையில் தடம் பார்த்து முட்டை எடுக்கிறார்கள். முகுந்தராயர் சத்திரத்தில் வேலி போட்டு வைத்திருக்கிறார்கள். ஊருக்கு வரும்போது கூட்டிக்கொண்டு போகிறேன்.

நான், காலை 8.14
கண்டிப்பாக அப்பா. இப்போது புது ரயில் பாலம் வந்துவிட்டதால் ரயிலிலேயே பாம்பன் வந்து இறங்கிவிடலாம். 2022 டிசம்பரிலிருந்து 2025 ஏப்ரல் வரை மண்டபத்தோடு இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு பஸ் பிடித்து வந்ததை நினைத்தால் இன்னும் தோள் வலிக்கிறது.

சித்தப்பா, மதியம் 1.25
இப்போதுதான் படகு கட்டினோம். எல்லாம் படித்தேன். நல்ல காரியம் தாயி. ஆனால் ஒன்று கேட்கிறேன். போன வருடம் சென்னையில் ஆமை செத்து ஒதுங்கியபோது டிவி முழுக்க விசைப்படகுக்காரனைத்தான் திட்டினார்கள். நீயும் அப்படித்தான் நினைக்கிறாயா?

நான், மதியம் 1.50
சித்தப்பா, உங்களைத் திட்ட எனக்கு வாய் வராது. என்னைப் படிக்க வைத்ததில் உங்கள் படகுப் பணமும் இருக்கிறது.

ஆனால் பார்த்ததைச் சொல்கிறேன். 2025 ஜனவரியில் ஒரே நடையில் 14 செத்த ஆமை பார்த்தேன். கண் பிதுங்கி, கழுத்து வீங்கிக் கிடந்தன. தமிழ்நாட்டுக் கரையில் அந்தப் பருவத்தில் ஆயிரத்துக்கும் மேல் ஒதுங்கின. பசுமைத் தீர்ப்பாயமே தானாக எடுத்து விசாரித்தது. ஆமை மீன் இல்லை, மூச்சு வாங்க மேலே வந்தாகவேண்டும். இழுவைமடி வலை மணிக்கணக்கில் அடியில் ஓடும்போது உள்ளே மாட்டினால் மூச்சு முட்டிவிடுகிறது.

சித்தப்பா, மதியம் 2.05
ஆமைக்கென்று யாரும் மடி போடுவதில்லை தாயி. ஏறினால் எங்களுக்கும் நஷ்டம்தான். மடி கிழியும், இறால் நசுங்கும். ஆமை வெளியே போக மடியில் கம்பிச் சட்டம் வைக்கச் சொல்கிறார்கள். வைத்தால் மீனும் போய்விடும் என்று ஓனர்கள் பயப்படுகிறார்கள். வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போக டோக்கன், ஏப்ரல் 15 வந்தால் 61 நாள் தடை. டீசல் விலை உனக்குத் தெரியும். செத்த மாதிரி கிடக்கும், தூக்கித் தண்ணீரில் போட்டுவிடுவோம். வேறு என்ன செய்வது?

நான், மதியம் 2.09
சித்தப்பா, ‘செத்த மாதிரி’ என்றீர்களே, அங்கேதான் நான் சொல்ல வேண்டியது இருக்கிறது.

நான், மதியம் 2.31
அசையாமல் கிடக்கிற ஆமை எல்லாம் செத்த ஆமை இல்லை. நுரையீரலில் தண்ணீர் ஏறி மயங்கிக் கிடக்கும். அப்படியே கடலில் போட்டால் முங்கி அப்போதுதான் சாகும். படகிலேயே வைத்திருந்தால் பிழைக்க வழி உண்டு.

மல்லாக்கப் போடாதீர்கள், நெஞ்சு கீழே இருக்கும்படி வையுங்கள். பின்பக்கத்தை ஒரு சாண் உயர்த்தவேண்டும், கயிற்றுச் சுருளோ பலகையோ போதும். தலை தாழ்ந்திருந்தால் தண்ணீர் வடியும். நிழலில் வைத்து ஓட்டின்மேல் ஈரச் சாக்கு போடுங்கள், மூக்கை மூடவேண்டாம். தொட்டித் தண்ணீரில் போடவே கூடாது. நாலு மணி நேரம், சில ஆமைக்கு ஒரு நாள் முழுக்கக்கூட ஆகும். நடுவில் கண் ஓரத்தையும் வாலையும் லேசாகத் தொட்டுப் பாருங்கள், உயிர் இருந்தால் சுருக்கும். நன்றாகத் துழாவ ஆரம்பித்த பிறகு, மடி தண்ணீரில் இல்லாத நேரம், இன்ஜினை நியூட்ரலில் போட்டு, பின்பக்கமாக மெதுவாக இறக்கிவிடுங்கள்.

கம்பிச் சட்டத்தைப் பற்றி மண்டபம் மீன் ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். அது இல்லாததால்தான் அமெரிக்கா நம் கடல் இறாலை வாங்காமல் நிறுத்தி வைத்திருக்கிறது. அது ஓனர்கள் எடுக்கவேண்டிய முடிவு, ஒரு நாளில் ஆகாது. சாக்கும் பலகையும் நாளைக்கே முடியும்.

சித்தப்பா, மதியம் 2.40
பார்க்கலாம்.

வியாழக்கிழமை (அடுத்த வாரம்)

சித்தப்பா, காலை 10.12
(புகைப்படம்)
(புகைப்படம்)

சித்தப்பா, காலை 10.20
ராத்திரி 2 மணி இழுப்பில் ஏறியது. பெரிய உருப்படி, நாலு பேர் தூக்கினோம். அசைவே இல்லை. பையன்கள் தள்ளிவிடலாம் என்றார்கள், நான்தான் வேண்டாம் என்றேன். ஐஸ் பெட்டிப் பலகையைப் பின்னால் கொடுத்துச் சாக்கை நனைத்துப் போட்டோம். வாயிலிருந்து கொழகொழவென்று தண்ணீர் வந்தது. நாலரை மணிக்கு வாலைத் தொட்டேன், சுருக்கியது! அஞ்சேமுக்காலுக்கு ஒரு பெருமூச்சு விட்டது பார், மனுசன் விடுகிற மாதிரி. சமையல் பார்க்கிற பையன் எழுந்து ஓடிவந்துவிட்டான். விடிந்து ஏழு மணிக்குத்தான் இறக்கினோம். கொஞ்ச நேரம் மேலேயே மிதந்து, தலையை ஒரு தடவை தூக்கிவிட்டு முங்கியது.

அம்மா, காலை 10.22
கொழுந்தனாரே, உங்கள் கைக்குக் குறை வராது.

அப்பா, காலை 10.26
பாப்பா, போட்டோவில் ஆமை ஓட்டைப் பெரிதாக்கிப் பார். பக்கத்துக்கு எத்தனை செதில்?

நான், காலை 10.34
நாலு, நாலு. பேராமை அப்பா! பங்குனி ஆமை என்றால் கூடுதலாக இருக்கும். கடல்தாழைப் புல் மேய வந்திருக்கும். சித்தப்பா, ஷிஃப்ட் முடிந்து இப்போதுதான் ரூமுக்கு வந்தேன். கையெல்லாம் நடுங்குகிறது.

சித்தப்பா, காலை 10.41
பக்கத்துப் படகு டிரைவர் போட்டோவைப் பார்த்துவிட்டு எப்படி என்று கேட்கிறார். நீ எழுதியதை அனுப்பினால் அவருக்கு வாசிக்க வராது. குரலில் பேசி அனுப்பு. இன்னும் மூன்று நான்கு பேருக்குப் போடுகிறேன்.

நான், காலை 10.43
தூங்கி எழுந்து சாயங்காலம் அனுப்புகிறேன் சித்தப்பா.

அப்பா, காலை 10.44
பேசிவிட்டுத் தூங்கு தாயி. நாளை மறுநாள் டோக்கன்.